ஒட்டுப்பலகையில் ஒரு மாத் பந்தயப் படகு: கணக்கும் கட்டுமானமும்

மாத் (Moth) என்பது ஒருவர் ஓட்டும் சிறு பாய்மரப் பந்தயப் படகு வகுப்பு. அதன் விதிகள் மிகக் குறைவு. நீளம் 3355 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அகலம் 2250 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பாய் சுமார் 8 சதுர மீட்டர், உடல் ஒன்றே ஒன்று. குறைந்தபட்ச எடை என்று எதுவும் கிடையாது. இதனால்தான் 1928இல் ஆஸ்திரேலியாவின் இன்வர்லாக்கில் லென் மாரிஸ் 'ஆலிவ்' என்ற 11 அடிப் படகைக் கட்டிய காலத்திலிருந்து, கொட்டகையில் தானே கட்டிக்கொள்பவர்களை இந்த வகுப்பு இழுத்துக்கொண்டே இருக்கிறது.

2005 உலகப் போட்டியை ரோஹன் வீல், படகை நீருக்கு மேல் தூக்கும் நீரடி இறக்கைகளில் பறந்து வென்றார். அதன் பிறகு முன்வரிசை முழுக்கப் பறக்கும் கார்பன் படகுகள்தான். இங்கே சொல்லப்போவது பறக்காத வகை: தண்ணீரைக் கத்திபோலக் கிழித்து ஓடும் ஒடுங்கிய உடல். காற்று நன்றாக வீசும் நாளில் இது பறக்கும் படகை வெல்லாது. ஆனால் மூன்று ஷீட் ஒட்டுப்பலகையில் முடிந்துவிடும், ஓட்டவும் அருமையாக இருக்கும். பிற்பாடு பறக்கும் படகு கட்ட நினைப்பவருக்கும் முதலில் கைவர வேண்டிய வேலை இதுதான்.

முதலில் காகிதத்தில்

ஓட்டுபவர் 75 கிலோ, முழுப் படகு 35 கிலோ, நனைந்த உடையும் மற்றதும் 5 கிலோ. ஆக 115 கிலோ. கடல்நீரில் அது 112 லிட்டர் இடத்தை விலக்கும். நீர்க்கோட்டு நீளம் 3.33 மீட்டர், இரு முனைகளும் ஒடுங்குவதற்கான கெழு 0.6 என்று வைத்தால், நடுவில் நீருக்கடியில் 0.056 சதுர மீட்டர் குறுக்குப் பரப்பு வேண்டும். நீர்க்கோட்டு அகலம் 330 மி.மீ., அடிமூலையில் 300 மி.மீ., அடியில் 60 மி.மீ. ஆழமுள்ள மட்டமான வி வடிவம் என்று எடுத்துக்கொண்டால் படகு சுமார் 210 மி.மீ. அமிழும்.

இவ்வளவு குறுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண உடலுக்கு இந்த நீளத்தில் அலைத்தடை 4.4 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் சுவராக எழும்பும். நீளம் அகலத்தைப்போல் பத்து மடங்காகும்போது அந்தச் சுவர் வெறும் மேடாகிவிடுகிறது. படகு எழும்பிச் சறுக்க வேண்டியதில்லை, ஊடுருவியே தாண்டிவிடும். அதற்கு விலை சமநிலை. நிற்கும்போது இந்த உடல் தானாக நிமிர்ந்து நிற்காது. நிமிர்த்துவது, உடலின் இரு பக்கமும் வெளியே நீளும் இறக்கைச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் மட்டுமே.

அந்த ஆளின் எடைமையம், வெளியே சாய்ந்து தொங்கும்போது, நடுக்கோட்டிலிருந்து சுமார் 1.5 மீட்டரில் இருக்கும். அவர் தரும் நிமிர்த்து திருப்புத்திறன் 1100 நியூட்டன் மீட்டர். பாயின் விசைமையத்துக்கும் டாகர்போர்டின் (படகு பக்கவாட்டில் நழுவாமல் நீருக்குள் இறக்கும் பலகை) விசைமையத்துக்கும் உயர வித்தியாசம் 2.9 மீட்டர் என்றால், பாய் பக்கவாட்டில் 380 நியூட்டன்தான் தள்ளலாம். 8 சதுர மீட்டர் பாய் அந்த விசையைச் சுமார் 16 நாட் சார்புக் காற்றிலேயே (ஓடும் படகில் உணரும் காற்று) கொடுத்துவிடும். அதற்கு மேல் பாயைத் தட்டையாக்க வேண்டும். பாய்மரத்தின் மேல்பாதி தானாக வளைந்து காற்றை விட வேண்டும் என்பதும் இதனால்தான்.

பலகை வெட்டும் முறை

ஒக்கூமே என்ற மரத்தாலான மரைன் பிளைவுட்: 3 மி.மீ. இரண்டு ஷீட், 4 மி.மீ. ஒன்று. கட்டடத்துக்கு விற்கும் வாட்டர்ப்ரூஃப் பிளை வேண்டாம். உள் அடுக்கில் இருக்கும் காலியிடம் பலகையை வளைக்கும்போது சரியாக அந்த இடத்தில் முறியும்.

முதல் 3 மி.மீ. ஷீட்டை நீளவாக்கில் மூன்றாக, 400 மி.மீ. அகலத்தில் கிழியுங்கள். இரண்டு பட்டைகள் முழுதாகப் பக்கங்களுக்கு. மூன்றாவதைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு துண்டு ஒட்டு. ஒரே ஷீட்டில் இரு பக்கமும் முடிந்துவிடும். இரண்டாவது ஷீட் மேல்தளத்துக்கு. 4 மி.மீ. ஷீட் அடிப்பலகை இரண்டுக்கும் குறுக்குச் சுவர்களுக்கும்.

ஒட்டு சாய்வாக இருக்க வேண்டும்: தடிமனுக்கு எட்டு மடங்கு நீளம், அதாவது 3 மி.மீ. பலகைக்கு 24, 4 மி.மீ. பலகைக்கு 32. துண்டுகளைப் படிக்கட்டுபோல் அடுக்கி, கூர்மையான இழைப்புளியால் எல்லாவற்றையும் சேர்த்து இழைக்கலாம். இழைக்க இழைக்க அடுக்குகளின் பசைக்கோடுகள் சாய்வில் வரிவரியாகத் தெரியும். கண்ணை அந்த வரிகளில் வையுங்கள். வரிகள் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஓடினால் சாய்வு தட்டை. எங்காவது ஒரு வரி வளைந்தால், அகலம் மாறினால், அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது. எந்த மட்டப்பலகையும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாது.

இரு பக்கங்களின் ஒட்டும் ஒரே தூரத்தில், அணியத்திலிருந்து (படகின் முன்முனை) 2.4 மீட்டரில் விழ வேண்டும். ஒட்டு இருக்கும் இடம் மற்ற இடத்தைவிட விறைப்பு. வலமும் இடமும் வேறு வேறு இடத்தில் விறைத்தால் உடல் முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்தப் பட்டிப் பூச்சாலும் (putty) அதை மறைக்க முடியாது. அடிப்பலகையில் மட்டும் நீளத் துண்டைப் பின்னுக்கு வையுங்கள். அப்போது அதன் ஒட்டு 950 மி.மீ. அளவில், பாய்மரத்துக்கு முன்னால் போய்விடும். எல்லா ஒட்டும் ஒரே குறுக்குக்கோட்டில் சேராது.

தைத்தல், முறுக்குப் பார்த்தல்

சேர வேண்டிய பலகைகளின் விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி, 100 மி.மீ.க்கு ஒரு துளை. அணியத்தில் 50 மி.மீ.க்கு ஒன்று. 1 மி.மீ. செம்புக்கம்பியால் தளர்வாகத் தைத்து, முழு வடிவமும் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முதல் கம்பியையே இறுக்கினால் பலகை நுனி பிளக்கும்.

குறுக்குச் சுவர்கள் நான்கு: பாய்மரத்துக்குக் கீழே 1150 மி.மீ.யில் ஒன்று, டாகர்போர்டு உறைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, பின் குறுக்குக் குழாய்க்குக் கீழே ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் நீர் ஓட 15 மி.மீ. துளை விடுங்கள். அதை மறந்து தளத்தை மூடிவிட்டால் திறந்து சரிசெய்ய வழியில்லை.

ஒட்டுவதற்கு முன் அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள்: நேரான இரண்டு மரச்சட்டங்களை, ஒன்று பாய்மரச் சுவரின் மேலும் ஒன்று பின்பலகையின் மேலும், குறுக்கே வைக்க வேண்டும். பின்னால் நாலைந்து அடி தள்ளிக் குந்தி, ஒரு கண்ணை மூடி, முன்சட்டத்தின் மேல்விளிம்பு பின்சட்டத்தின் விளிம்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் சட்டத்தில் 2 மி.மீ.க்கு மேல் சாய்வு தெரிந்தால் கம்பிகளைத் தளர்த்தித் திருத்துங்கள். நடுக்கோட்டில் ஒரு நூல் கட்டித் தூக்குக்குண்டும் விடுங்கள். முறுக்கிய உடல் ஒரு பக்கக் காற்றில் நன்றாகவும் மறு பக்கத்தில் மந்தமாகவும் ஓடும். காரணம் தெரியாமல் பாயை மாற்றிக்கொண்டே இருக்க நேரும்.

எப்பாக்ஸி: எடை சேரும் இடம்

இந்தப் படகின் பலகை எல்லாம் சேர்த்து எட்டரை கிலோதான். முடிந்த உடல் 15 கிலோவா 22 கிலோவா என்பதைத் தீர்மானிப்பது ரெசின். ஆகவே தராசில்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். எப்பாக்ஸி ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் உற்பத்தியாளர் சொன்ன விகிதத்தில் எடைபோட்டுக் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால், மிஞ்சிய ஹார்டனர் இறுகாமல் உள்ளே மெழுகுபோலத் தங்கிவிடும்.

நம் ஊர் வெயிலில் மெதுவான ஹார்டனர்தான் சரி. வெப்பம் 10 பாகை ஏறினால் வேலைநேரம் ஏறக்குறையப் பாதியாகும். ஒரு நேரத்தில் 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். கலந்ததை உடனே அகலமான தட்டில் பரப்புங்கள். குறுகிய டம்ளரில் விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். ஈரப்பதம் அதிகமான நாளில் இறுகிய மேற்பரப்பில் வழுவழுப்பான படலம் படியும். அதைத் தண்ணீர்விட்டு ஸ்க்ரப்பரால் கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் கீறலுக்குள் போய் அடுத்த அடுக்கு உரிந்து வரும்.

மூலைகளுக்கு ரெசினில் சிலிக்காத் தூளும் மரத்தூளும் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் கம்பிகளுக்கு இடையே மட்டும் சிறு சிறு புள்ளிகளாக வைத்து இறுகவிடுங்கள். மறுநாள் சாலிடரிங் அயர்னால் கம்பியைச் சுட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு 10 மி.மீ. ஆரத்தில் முழுநீளப் பூச்சு. பழைய ஏடிஎம் அட்டையின் மூலையை அந்த ஆரத்துக்கு வெட்டி இழுத்தால் போதும். பூச்சு இன்னும் பசையாக இருக்கும்போதே 50 மி.மீ. அகலக் கண்ணாடி இழை நாடாவை வைத்து நனையுங்கள். வெளியே முழுக்க சதுர மீட்டருக்கு 100 கிராம் துணி ஒரு அடுக்கு போதும். கண்ணாடித் துணியின் எடைக்குச் சமமாகவே ரெசின் வேண்டும், அதோடு மரம் குடிக்கும் அளவு. துணி பளபளவென்று மின்னினால் ரெசின் மிகுதி, ரப்பர் பட்டையால் வழித்தெடுங்கள். துணியின் நெசவு தெரிய வேண்டும்.

பின்பலகையின் அடிவிளிம்பு மட்டும் கத்திபோல் கூர்மையாக இருக்கட்டும். அங்கே உருட்டிவிட்டால் தண்ணீர் விளிம்பைவிட்டுப் பிரியாமல் பின்னால் ஏறி இழுக்கும். மற்ற மூலைகளை உருட்டலாம்.

இறக்கைச் சட்டம்

அதிகம் முறிவது இதுதான். ஆள் 75 கிலோ, படகின் ஓரத்திலிருந்து 1.3 மீட்டர் வெளியே. இரண்டு குறுக்குக் குழாய்கள் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 480 நியூட்டன் மீட்டர். 38 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. தடிமன் அலுமினியக் குழாயின் உலோகத்தில் இது 300 மெகாபாஸ்கல் தகைவு ஆகும். 6061-டி6 கலவை 240இலேயே வளைந்துவிடும். 50 மி.மீ., 2 மி.மீ. தடிமன் என்றால் 137தான். அலையில் குதிக்கும் அதிர்வுக்கு ஒன்றரை மடங்கு வைத்தாலும் 206. எனவே குறுக்குக்கு 50×2, வெளிச்சட்டத்துக்கு 38×1.6. உடலின் ஓரத்தில் வளைவு உச்சம் என்பதால், அந்த இடத்தில் உள்ளே 300 மி.மீ. நீள உறைக்குழாய் ஒன்றைச் செருகி ஒட்டுங்கள். அங்கே எந்தத் துளையும் போடாதீர்கள்.

குழாய்களைத் தளத்துக்கு 60 மி.மீ. மேலே மரச் சேணத்தில் உட்கார வையுங்கள். 15 பாகை சாய்ந்தால் இறக்கையின் வெளிமுனை 285 மி.மீ. இறங்கும். அந்த உயரம் இல்லாவிட்டால் முனை தண்ணீரைத் தொட்டு படகைச் சுழற்றிவிடும்.

டாகர்போர்டும் சுக்கானும்

நீருக்கடியில் 1 மீட்டர் ஆழம், 250 மி.மீ. அகலம், நாகா 0012 (NACA) என்ற இறக்கைக் குறுக்குவெட்டு வடிவம். முன்விளிம்பிலிருந்து 25 மி.மீ.யில் பாதித்தடிமன் 11.7, 75இல் 15, 125இல் 13.2, 175இல் 9.2, 225இல் 3.6 மி.மீ. இந்த எண்களில் அட்டை வார்ப்பு வெட்டி இழைக்கும்போது வைத்துப் பாருங்கள். 25 மி.மீ. அகலச் சிடார் பட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று புரட்டி ஒட்டினால் பலகை கோணாது. இருபுறமும் நீளவாக்கில் கார்பன் நாடா, மேலே 200 கிராம் கண்ணாடித் துணி. கார்பன் எங்கும் அலுமினியத்தைத் தொடக் கூடாது. உப்புநீரில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். பின்விளிம்பைக் கூராக்க வேண்டாம். 1.5 மி.மீ. தடிமனில் சதுரமாக வெட்டிவிடுங்கள், அதிர்ந்து பாடுவது நிற்கும்.

ஒடுங்கிய உடல் எதிர்வரும் அலையில் மூக்கைக் குத்தும். சுக்கானின் அடியில் தலைகீழ் டி வடிவில் 600 மி.மீ. நீளக் கிடை இறக்கை ஒன்று வைத்தால் அந்த ஆட்டம் அடங்கும். அதன் கோணத்தை மேலும் கீழும் 3 பாகை மாற்ற வசதி வேண்டும். எனவே சுக்கானின் கீழ்க் கீலை முன்னும் பின்னும் நகரும்படி செய்யுங்கள்.

மூடுவதற்கு முன்னும் பின்னும்

வெள்ளை வண்ணம் அடியுங்கள். அறைவெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். வெயிலில் கிடக்கும் கறுப்புத் தளம் அந்தச் சூட்டை எளிதில் தொடும். அதே காரணத்துக்காகக் கரையில் இருக்கும்போது வடிகால் மூடியைத் திறந்தே வையுங்கள். உள்ளே சூடேறிய காற்று தையலைப் பிளக்கும்.

கசிவு பார்க்க வடிகாலில் ஒரு குழாய் செருகி வாயால் மெல்ல ஊதி, தையல்களில் சோப்புத்தண்ணீர் பூசுங்கள். கம்ப்ரெஸரை அருகில் கொண்டுவரவே கூடாது. ஒரு கிலோபாஸ்கல் என்பது அற்ப அழுத்தம்தான், ஆனால் 1.3 சதுர மீட்டர் பக்கப்பலகையில் அது 130 கிலோ தள்ளலாகிவிடும்.

பாய்மரத்தின் அடிப்பிடிப்பை 100 மி.மீ. நகரும் தண்டவாளத்தில் வையுங்கள். பாயின் விசைமையம் டாகர்போர்டின் விசைமையத்துக்கு 100 முதல் 150 மி.மீ. முன்னால் இருப்பதாகத் தொடங்கலாம். தண்ணீரில் இறக்கி, 10 நாட் காற்றில் உடலை நிமிர்த்திப் பிடித்து ஓட்டும்போது சுக்கான்கோலை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். படகு காற்றை நோக்கி வலுவாக இழுத்தால் மரத்தை 20 மி.மீ. முன்னால் நகர்த்துங்கள். காற்றைவிட்டு விலகினால் பின்னால். இழுப்பு விரலுக்கு மெல்லியதாக உணரும் இடம் கிடைத்ததும், அந்த அளவைப் பாய்மரச் சுவரில் எழுதிவைத்துத் திருகை இறுக்கிவிடுங்கள்.