மலையகத்தில் மங்கல் வரி அணிலை இனங்காணும் முறை

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையிலும் கொய்யா மரத்திலும் ஓடித் திரியும் அணிலை நன்கறிந்தவர்களும், நமது இலங்கை மலைக்காடுகளில் அதைவிடச் சிறிய, இருண்ட நிறமுடைய மங்கல் வரி அணிலைக் கவனிப்பது அரிது. அணிலைத் தேடுகிறவர் இயல்பாக அண்ணாந்து பார்க்கிறார். இதுவோ நிலத்திலும், விழுந்து கிடக்கும் மரங்களிலும், புதர்களின் தாழ்ந்த கிளைகளிலுமே பெரும்பாலும் இரை தேடுகிறது. ஆகவே பார்வையை இடுப்பு உயரத்திற்குக் கீழே வைத்திருங்கள்.

பட்டிப்பொலவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்லும் வழியின் காட்டோரங்களும், ஹக்கல தாவரவியல் பூங்காவில் காட்டை ஒட்டிய பகுதியும் தேடுவதற்கு ஏற்றவை. பூங்காவிற்கு அப்பாலுள்ள இயற்கை ஒதுக்கத்திற்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது, நுழையவும் தேவையில்லை. பனிமூட்டம் விலகி வெயில் படும் காலை வேளையில், குறிஞ்சிப் புதரோ குட்டை மூங்கிலோ அடர்ந்த ஓரிடத்தில் அசையாமல் நில்லுங்கள். பறவையின் கீச்சொலி போன்ற மெல்லிய குரல் புதருக்குள்ளிருந்து வந்தால், அதைப் பறவை என்று உடனே ஒதுக்கிவிட வேண்டாம்.

கண்ணில் பட்டதும் முதுகைப் பாருங்கள். வீட்டோர அணிலின் மூன்று வெளிர்கோடுகள் பளிச்சென்று தெரியும். இதன் கோடுகளோ இருண்ட பழுப்பு உடலில் மங்கிக் கிடக்கும், வாலும் அவ்வளவு புசுபுசுப்பாக இராது. நடுக்கோடு மட்டும் செம்மஞ்சளாக ஒளிர்ந்தால், நீங்கள் பார்ப்பது லேயார்டின் அணில் என்ற வேறோர் இனம். இந்த மங்கல் வரி அணில் முன்னர் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் அணிலுடன் ஒரே இனமாகக் கருதப்பட்டது. 2012இல் வெளியான ஆய்வே இதை இலங்கைக்கே உரிய தனி இனமாகப் பிரித்தது. எனவே பழைய கையேடுகளில் வேறு பெயரில் இருக்கும்.

குறிப்பேட்டில் இடம், நேரம் ஆகியவற்றோடு, நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் கண்டீர்கள் என்பதையும் கீழ்ப்புதர்களின் நிலையையும் எழுதுங்கள். பின்னது, என் கருத்தில், அணிலின் படத்தைவிடப் பயனுள்ளது. தேயிலைக்காகக் காடு துண்டாடப்பட்டது யாவரும் அறிந்த பாதிப்பு. ஆனால் நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏலக்காய் பயிரிடப்பட்டதைப் போல, பெருமரங்களை விட்டுவிட்டு அடிப்புதரை மட்டும் அகற்றினால், வெளியே பசுமையாகத் தோன்றும் காடும் தாழ்வில் இரை தேடும் இந்த அணிலுக்கு ஒளிவிடமற்றதாகிவிடும். அது பகலில் நடமாடுவதால், காட்டோரப் பாதைக்கு நாயைக் கூட்டிச் செல்லாதீர்கள். உணவு எறிந்து வெளியே வரவழைக்கவும் முயலாதீர்கள்.