ரைசன் 5800எக்ஸ்: கர்வ் ஆப்டிமைசரை கோர் வாரியாக இறக்கும் முறை

இது ஏஎம்டியின் எட்டு கோர் சிப்பான ரைசன் 7 5800எக்ஸை வைத்து எழுதியது. கர்வ் ஆப்டிமைசர் என்பது எந்த கிளாக்குக்கு எவ்வளவு வோல்டேஜ் என்ற கோட்டை நகர்த்தும் பயாஸ் அமைப்பு; மைனஸ் எண் போட்டால் வோல்டேஜ் இறங்கும். 5000 வரிசையின் மற்ற எக்ஸ் சிப்புகளுக்கும் முறை இதேதான், வாட் எண்கள் மட்டும் மாறும். பயாஸுக்குள் போகத் தெரியும், பயாஸ் புதிய பதிப்பில் இருக்கிறது, சிமாஸ் கிளியர் ஜம்பர் (பயாஸ் அமைப்புகளை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பின்) எங்கே என்று மேனுவலில் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று: ஓவர்கிளாக்கிங் மெனுவுக்குள் போனதால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது.

சிப் இழுக்கும் மின்சாரம் கிளாக்கோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். அதே கிளாக்கில் 1.30 வோல்ட்டை 1.22 ஆக்கினால் ஏறக்குறைய 12 சதவீதம் மிச்சம். கர்வ் ஆப்டிமைசரில் ஒரு எண் என்பது 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 20 போட்டால் 60 முதல் 100 மில்லிவோல்ட் இறங்கும்.

ஆனால் கர்வை மட்டும் இறக்கினால் கரண்ட் பில் இறங்கிவிடாது. மிச்சமான வோல்டேஜைச் சிப் கிளாக்காக மாற்றிக்கொண்டு, முழு லோடில் பழையபடி தன் வரம்பு வரைக்கும் இழுக்கும். வரம்பையும் சேர்த்துக் குறைத்தால்தான் வாட் குறையும்.

படி 1: ரேமின் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிடுங்கள். ரேம் கோளாறும் கர்வ் கோளாறும் வெளியே ஒரே மாதிரி தெரியும், பிறகு எது எது என்று பிரிக்கவே முடியாது. சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேக சோதனை மென்பொருளை மல்டி கோரில் 10 நிமிடம் ஓட்டி ஸ்கோர், வாட், வெப்பநிலை, எச்டபிள்யூஇன்ஃபோ (சென்சார் அளவுகளைக் காட்டும் மென்பொருள்) காட்டும் எஃபெக்டிவ் கிளாக் (கோர் உண்மையில் ஓடிய சராசரி கிளாக்) நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பயாஸில் அட்வான்ஸ்ட், ஏஎம்டி ஓவர்கிளாக்கிங், பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்று போய் அதை அட்வான்ஸ்ட் ஆக்குங்கள். லிமிட்டை மேனுவலில் வைத்து பிபிடி (மொத்த வாட் வரம்பு) 88 வாட், டிடிசி (தொடர்ந்து இழுக்கும் கரண்ட் வரம்பு) 60 ஆம்பியர், இடிசி (கணநேர உச்ச கரண்ட் வரம்பு) 90 ஆம்பியர் கொடுங்கள். 65 வாட் ஈகோ மோடு என்ற சிக்கன அமைப்பின் எண்கள் இவை. கம்பெனி வைத்தது 142, 95, 140. வேகம்தான் முக்கியம் என்றால் கம்பெனி எண்களையே கையால் போடுங்கள். ஆட்டோவில் விட வேண்டாம், சில போர்டுகள் சத்தமில்லாமல் வரம்பை ஏற்றி வைத்திருக்கும். பூஸ்ட் கிளாக் ஓவர்ரைடு 0-விலேயே இருக்கட்டும்.

படி 3: கர்வ் ஆப்டிமைசரைப் 'பர் கோர்' ஆக்குங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் கோர் பெயருக்குப் பக்கத்தில் 'பெர்ஃப்' என்று தர வரிசை இருக்கும். அந்தத் தர வரிசையில் முதல் இரண்டு கோர்களுக்கு மைனஸ் 8, மற்ற ஆறுக்கும் மைனஸ் 20 என்று தொடங்கலாம். நல்ல கோருக்கு ஏன் குறைவு? அதற்குத் தொழிற்சாலையிலேயே இறுக்கிப் பிடித்த கர்வ்தான் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் இறக்க அங்கே இடம் கிடையாது. போதாக்குறைக்கு, விண்டோஸ் ஒற்றை திரெட் வேலையை அதன் தலையில்தான் முதலில் கட்டும். எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்ட ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்து அப்படியே போடாதீர்கள்.

படி 4: சோதனை. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் ஓடியது, ஸ்டேபிள் என்று மூடிவிடுவார்கள். மறுநாள் பிரவுசரில் சும்மா படித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். காரணம் எளிது. எல்லா கோரும் ஓடும்போது வாட் வரம்பு கிளாக்கைக் கீழே பிடித்து வைக்கிறது, அந்த கிளாக்குக்குக் குறைந்த வோல்டேஜ் போதும். ஒரே ஒரு கோர் லேசான வேலைக்கு 4.7 கிகாஹெர்ட்ஸைத் தாண்டித் தாவும்போதுதான் வோல்டேஜ் பற்றாமல் போகிறது.

அதனால் கோர்சைக்கிளர் ஸ்கிரிப்டைப் பயன்படுத்துங்கள். பிரைம்95 என்ற கடும் கணக்குச் சோதனையை ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக ஓட்டும். கான்ஃபிக் ஃபைலில் மோடை எஸ்எஸ்இ என்று வையுங்கள், ஏவிஎக்ஸ் வேண்டாம். ஏவிஎக்ஸ் லோடு கனமானது, கிளாக்கை இறக்கிவிடும். நமக்கு வேண்டியது உச்ச கிளாக். கோருக்கு 30 நிமிடம் வைத்தால் எட்டு கோருக்கு 4 மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். அது பாஸான பிறகும் ஓரிரு நாள் மெஷினைச் சும்மா இருக்க விடுங்கள், ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், வீடியோ ஓட்டுங்கள்.

படி 5: எந்த கோர் விழுந்தது? பிரைம்95 பிழை காட்டினால் ஸ்கிரிப்டே கோர் எண்ணைச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகிவிட்டால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாக்கைத் திறந்து 'வியா லாகர்' (WHEA-Logger, வன்பொருள் பிழைப் பதிவு) ஈவென்ட் 18-ஐத் தேடுங்கள். அதற்குள் 'ப்ராசஸர் ஏபிஐசி ஐடி' இருக்கும். இரண்டால் வகுத்து மீதியைத் தள்ளினால் கோர் எண் வந்துவிடும்: ஐடி 6 அல்லது 7 என்றால் கோர் 3 (கோர்களை 0-விலிருந்து எண்ண வேண்டும்). அந்தக் கோரை மட்டும் மைனஸ் 20-லிருந்து மைனஸ் 16-க்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டுங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள். ஈவென்ட் 19 வந்தால் கர்வைக் குறை சொல்லாதீர்கள், அது பெரும்பாலும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் (கோர்களையும் ரேம் கன்ட்ரோலரையும் இணைக்கும் பாதை) கிளாக் அதிகமானதால் வருவது.

படி 6: சினிபெஞ்சை மீண்டும் ஓட்டுங்கள். வரம்பைக் குறைத்திருந்தால் பழைய ஸ்கோரோடு ஒப்பிடக் கூடாது. அதே 88 வாட்டில் கர்வ் 0 வைத்து ஒருமுறை ஓட்டி அதோடு ஒப்பிடுங்கள். திரையில் கிளாக் ஏறியிருந்தும் ஸ்கோர் ஏறவில்லையென்றால் எஃபெக்டிவ் கிளாக்கைப் பாருங்கள். முழு லோடில் காட்டும் கிளாக்கைவிட அது நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பின்தங்கினால், வோல்டேஜ் போதாமல் சிப் தானே கிளாக் துடிப்பை நீட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள். வி-கோர் ஆஃப்செட்டில் (எல்லா கோருக்கும் ஒரே அளவு வோல்டேஜை மாற்றும் அமைப்பு) மைனஸ் போடுவதில் இந்தத் தொல்லை அதிகம். கர்வ் இருக்கும்போது ஆஃப்செட் பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி. எல்லாம் சரியானால் எக்ஸ்எம்பியை மறுபடி போட்டு ஒருமுறை ரேம் சோதனை.

பின்சேர்க்கை: 5800எக்ஸ்3டி வைத்திருப்பவர்கள் பயாஸில் இந்த மெனுவைத் தேடிக் களைத்துப் போகிறார்கள். 2022-ல் அது வந்தபோதே ஏஎம்டி அதில் ஓவர்கிளாக்கிங்கைப் பூட்டித்தான் விட்டது. மெனு தெரியாவிட்டால் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு பின்சேர்க்கை: பயாஸ் அப்டேட் செய்தால் கர்வ் எண்கள் அழிந்துவிடும். பழைய பதிப்பில் சேமித்த ப்ரொஃபைலைப் புதியது பல நேரம் ஏற்காது. அப்டேட்டுக்கு முன் எட்டு கோர் எண்களும் தெரியும்படி அந்தத் திரையை மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.