பொட்டு ஆடும் ஒட்டுத்துணி அங்கியும்: பாலர் வகுப்புக்குச் சில கைவேலைகள்

தூத்துக்குடி மாவட்டத்தில், செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஓர் ஊர் எங்களுடையது. சபையில் நான் பாலர் வகுப்பு எடுக்க ஆரம்பித்து 19 வருஷம் ஆகிறது. நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை உள்ள பிள்ளைகள். ஒரு ஞாயிறு எட்டுப் பேர் வருவார்கள், அடுத்த ஞாயிறு பதினாறு பேர். மற்ற ஆறு நாளும் எனக்குத் தையல் வேலை. அதனால் மெஷினுக்குக் கீழே சேருகிற வெட்டுத்துணியும், வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய கல்யாணப் பத்திரிகைகளும்தான் என் வகுப்புக்குச் சாமான். பத்திரிகை அட்டை நல்ல கெட்டியாக இருக்கும், ஒரு பக்கம் வழவழப்பாகவும் இருக்கும். கடையில் சார்ட் வாங்க வேண்டியதே இல்லை.

ஆரம்பத்தில் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "அதனாலே பிள்ளைகளே, நாமும் இரக்கமா இருக்கணும்" என்பேன். பிறகு வண்ணம் தீட்ட ஒரு படத்தைக் கொடுப்பேன். ஒரு நாள் நல்ல சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான் என்று சொல்லி முடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் படத்துக்கு வண்ணம் தீட்டப் பச்சைக் கிரயான் யாருக்கு என்று இரண்டு பிள்ளைகள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். கதை காதோடு நின்றுவிட்டது, கைக்கு இறங்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் கைவேலையைத் தேர்ந்தெடுக்கிறேன்: கதையில் நடந்த காரியத்தைப் பிள்ளை இந்த வேலையில் தன் கையால் செய்கிறதா? தேடுகிற கதை என்றால் தேட வேண்டும், கொடுக்கிற கதை என்றால் கொடுக்க வேண்டும். வெறுமனே வெட்டி ஒட்டிவிட்டுப் போகிற வேலை எவ்வளவு அழகாக வந்தாலும் எனக்கு வேண்டாம்.

முதலில் பசையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கு மைதாவுக்கு நாலு பங்கு தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிண்ட வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுகிற பழக்கம் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அது கூடவே கூடாது. அது விஷம், பிள்ளைகளோ விரலை நக்கும். ஒரு கரண்டி உப்பு போட்டால் போதும், இரண்டு நாள் தாங்கும். சனிக்கிழமை சாயங்காலம் காய்ச்சினால் ஞாயிற்றுக்கிழமைக்குச் சரியாக இருக்கும்.

காணாமற்போன ஆடு

லூக்கா 15-ஆம் அதிகாரம். நூறு ஆட்டில் ஒன்று தொலைந்துபோக, மேய்ப்பன் மீதி 99-ஐ விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிற கதை. இந்தக் கதைக்குப் பஞ்சு ஒட்டிய வெள்ளை ஆடு செய்வதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது நம்ம ஊர் ஆடு இல்லையே" என்றான். அவன் சொன்னது சரிதான். எங்கள் மாவட்டத்து வேம்பூர் ஆட்டுக்கு வெள்ளை உடம்பில் சிவப்பும் பழுப்புமாகப் பொட்டுப் பொட்டாக இருக்கும், பெயரே பொட்டு ஆடுதான். அதிலிருந்து பொட்டு ஆடுதான் செய்கிறோம். பிள்ளைக்குத் தெரிந்த ஆடு தொலைந்தால்தான் தேட மனசு வரும்.

பத்திரிகை அட்டையில் கை அகலத்துக்கு ஆட்டு உடம்பு வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நீங்களே வெட்டிக் கொடுத்துவிடலாம். உடம்பு முழுக்க வெள்ளைத் துணித் துண்டுகளைப் பிள்ளைகள் ஒட்டட்டும். காப்பித் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வைத்தால், கட்டைவிரலை முக்கி முக்கிப் பொட்டு வைப்பார்கள். துணி காயப்போடுகிற கிளிப் இரண்டைக் கீழே மாட்டினால் அதுதான் கால், ஆடு தானாக நிற்கும். எல்லா ஆட்டையும் மேசைமேல் ஒரே மந்தையாக நிறுத்தி, எத்தனை என்று எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ண வேண்டும். இந்த எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகள் கை கழுவப் போகிற நேரத்தில் ஓர் ஆட்டை ஒளித்துவிடுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டு இருந்த இடத்தில் பதினொன்று. அந்த நேரத்தில் முகங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் முதலில் தன் ஆடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இருந்தால் ஒரு பெருமூச்சு. ஆடு இல்லாத பிள்ளை மட்டும் அசையாமல் நிற்கும். போன வருஷம் ஒருவன் தன் ஆட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எனக்குத்தான் இருக்கே" என்று உட்கார்ந்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் பெஞ்சுக்கு அடியிலும் ஆர்மோனியத்துக்குப் பின்னாலும் தேடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் ஆட்டை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய், திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தான்.

யாருடைய ஆட்டை ஒளிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். புதிதாக வந்த பிள்ளையுடையதையும், வீட்டில் ஏதாவது கஷ்டம் நடந்துகொண்டிருக்கிற பிள்ளையுடையதையும் ஒருபோதும் எடுக்காதீர்கள். கிடைத்த பிறகு கருப்பட்டி மிட்டாயோ பொரிகடலையோ கட்டாயம் கொடுங்கள். "காணாமற்போன என் ஆட்டைக் கண்டுபிடித்தேன், என்னோடுகூட சந்தோஷப்படுங்கள்" என்று மேய்ப்பன் அயலாரைக் கூப்பிடுகிறானே, அந்தச் சந்தோஷமும் கதையில் ஒரு பாகம். அன்றைக்கு மனன வசனம் அதுதான். வாயில் மிட்டாயோடு சொன்ன வசனம் அடுத்த வாரமும் ஞாபகம் இருக்கிறது.

"மீதி 99 ஆட்டை யார் பாத்துக்கிட்டா, டீச்சர்?" என்று யாராவது கேட்பார்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள், அந்தக் கேள்வியை மற்றவர்களிடம் விடுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, "பெரிய ஆடெல்லாம் குட்டியப் பாத்துக்கும்" என்றது. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

யோசேப்பின் அங்கி

தையல்காரி என்பதால் எனக்கு இந்தக் கதைமேல் தனிப் பிரியம். யாக்கோபு யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்து கொடுத்தான். அண்ணன்மார் பொறாமைப்பட்டு, அந்த அங்கியைக் கழற்றி, அவனைக் குழியில் போட்டு, இருபது வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டார்கள். பாலர் வகுப்பில் கதையை இந்த இடத்திலேயே நிறுத்தி, ஆளுக்கு ஒரு வண்ணச் சட்டை ஒட்டச் சொல்லி அனுப்பிவிடுவது உண்டு. தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். ஆதியாகமம் 45-ஆம் அதிகாரம் வரை போங்கள். பஞ்சத்தில் தானியம் தேடி எகிப்துக்கு வந்த அதே அண்ணன்மாரைக் கட்டிக்கொண்டு அழுத யோசேப்பு, அவர்களை ஊருக்கு அனுப்பும்போது ஆளுக்கு மாற்று வஸ்திரம் கொடுத்து அனுப்புகிறான். தன் உடுப்பை உரிந்துகொண்டவர்களுக்கு உடுப்பு! இதைக் கவனிக்காமலே நான் பல வருஷம் அந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறேன்.

முதல் தடவை இந்தக் கைவேலையில் ஒரு தப்புச் செய்தேன். பொறாமை எப்படி இருக்கும் என்று காட்டலாமே என்று, ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் ஜரிகைத் துண்டு கொடுத்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பாடமாகத் தெரியவில்லை, டீச்சருக்கு அவள்மேல்தான் பிரியம் என்று தெரிந்தது. ஜரிகை வாங்கியவளை வகுப்பு முடியும் வரை ஒருவரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. அவள் அதைப் பிய்த்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். பிள்ளைகளை வைத்து அந்த மாதிரிச் சோதனை செய்யாதீர்கள். பொறாமை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நாம் கிளறிக் காட்ட வேண்டியதில்லை.

இப்போது செய்வது இப்படி. அட்டையில் ஒரு சாண் உயரத்துக்கு அங்கி வடிவம் வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுக்கிறேன். நடுவில் ஒரு தட்டு நிறையப் பட்டு, பூனம், பருத்தி என்று வெட்டுத்துணி. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு ரொம்பப் பிடித்த ஒரு துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததும் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிப் பார்க்கட்டும். அப்புறம் சொல்வேன்: "சரி, இப்போ அதைப் பக்கத்திலே இருக்கிறவங்க அங்கியிலே ஒட்டுங்க."

வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். சிலர் உடனே ஒட்டுவார்கள். சிலர் துண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். அவசரப்படுத்தக் கூடாது. ஒரு சின்னவள் மயில்கழுத்து நிறப் பட்டுத் துண்டை எடுத்து வைத்திருந்தாள். ஒட்டுவதற்கு முன்னால் அதை ஓர் ஓரமாக நூல் அளவுக்குக் கிழித்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்துப் பையனின் அங்கியில், சரியாக நெஞ்சுக்கு நடுவில், நாலு மூலையும் அழுத்தி ஒட்டினாள். நாலு வயதுக்கு அது பெரிய காரியம். அந்த நூலை வைத்துக்கொள் என்றுதான் சொன்னேன். இப்படி நாலைந்து சுற்று போனால் எல்லா அங்கியும் நிறைந்துவிடும். யாருடையதிலும் சொந்தத் துண்டு இருக்காது. எபேசியர் 4:32-இன் ஆரம்பத்தை அதோடு சொல்லிக் கொடுக்கலாம்: "ஒருவருக்கொருவர் தயவாயும் மனஉருக்கமாயும் இருந்து." அவ்வளவு போதும், முழு வசனம் இந்த வயதுக்கு நீளம்.

ஐந்து அப்பம், கைப்பிடி அரிசி

உப்பு மாவில் அப்பமும் மீனும் உருட்டிக் காயவைக்கிற வேலையை நான் விட்டுவிட்டேன். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் யாருக்கும் கொடுக்க முடியாது. யோவான் 6-இல், கூட்டம் பசியாற ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொடுத்தானே ஒரு பையன், அவன் கொடுத்தது சாப்பாடு. அதனால் சின்ன ஓலைக் கொட்டான் ஒன்று வாங்கி, பிள்ளைகள் அதன் விளிம்பில் வண்ண நூல் சுற்றுவார்கள். முந்தின வாரமே சொல்லி வைத்துவிட்டால், ஆளுக்கு ஒரு கை முறுக்கோ கடலையோ வாழைப்பழமோ கொண்டுவந்து அதில் போடுவார்கள். ஆராதனை முடிந்ததும், கோயிலுக்கு வர முடியாமல் படுத்திருக்கிற ஒரு பாட்டி வீட்டுக்கு எல்லோரும் நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வருவோம். கொட்டானைத் தூக்க இரண்டு பேர், ஐம்பது அடிக்கு ஒரு தடவை ஆள் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சண்டை வரும்.

தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கை போட்ட ஏழை விதவையின் கதைக்கு ஒரு பழைய பவுடர் டப்பா போதும். துணி ஒட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். அம்மா உலை வைக்கும்போது பிள்ளை தன் கையால் ஒரு பிடி அரிசி அதில் போட வேண்டும். என் அம்மா எங்கள் வீட்டில் அப்படித்தான் காணிக்கை அரிசி எடுத்துவைத்தார்கள். பிள்ளையின் பிடி சின்னதாக இருக்கும், அம்மா அதில் கூட்டிப் போடக் கூடாது.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வதும் இதுதான். கோணலாக ஒட்டியதை வீட்டில் உரித்துச் சரியாக ஒட்டாதீர்கள். மூன்று காலோடு ஆடு வந்தால், "எப்படி இது நடக்கும்?" என்று பிள்ளையையே கேளுங்கள், ஒரு கதை கிடைக்கும்.

குருத்தோலை ஞாயிறு

எங்கள் பக்கம் பனை நிறைய என்பதால் இதற்கு நான் ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்குவேன். கட்டைவிரல் அகலத்தில் இரண்டு ஓலைக் கீற்று, ஒன்று இரண்டு சாண், இன்னொன்று ஒரு சாண். நீளமானதை நடுவில் மடித்து நிறுத்த வேண்டும். குட்டையானதன் இரண்டு முனையும் நடுவில் சேருகிற மாதிரி மடித்துக் குறுக்கே வைத்து, மெல்லிய ஓலை நாரால் பெருக்கல் குறி மாதிரி இறுக்கிக் கட்டினால் சிலுவை. பின்பக்கம் முடிச்சு. ஈர்க்கை முன்கூட்டியே நீங்களே உருவி எறிந்துவிடுங்கள், அது கண்ணில் குத்தும்.

நாலு வயதுக் கையால் முடிச்சுப் போட முடியாது. ஏழு வயது ஒன்றையும் நாலு வயது ஒன்றையும் ஜோடி சேர்த்து, பெரியதைத் தரையில் முட்டி போடச் சொல்லுங்கள். சின்னது குறுக்கு ஓலையைப் பிடித்துக்கொள்ள, பெரியது கட்டும். குதிரையில் வராமல் கழுதைக்குட்டியின்மேல் எருசலேமுக்கு வந்த ராஜாவாகிய இயேசுவின் கதையை, அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகச் சொல்லுங்கள். முதலில் சின்னவருடைய சிலுவையைத்தான் முடிக்க வேண்டும், பெரியவருடையது அப்புறம்.

ஓலையைச் சனிக்கிழமை ராத்திரியே ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். காய்ந்தால் மடிப்பில் வெடித்துவிடும். ஆளுக்கு இரண்டு கீற்று கூடுதலாகவும் இருக்கட்டும்.