காது மிஷினுக்கு இரவில் ஒரு டப்பா

கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் காது மிஷினைக் கெடுப்பது ஈரக்காற்றும் வியர்வையும்தான். நேற்றுவரை நன்றாகக் கேட்ட பிள்ளை இன்று வகுப்பில் திருதிருவென்று விழித்தால், திட்டாதீர்கள்; முதலில் மிஷினைப் பாருங்கள். ட்யூபுக்குள் ஒரு சின்ன நீர்த்துளி நின்றாலே போதும், சத்தம் அடைபட்டுவிடும்.

இரவில் கழற்றியதும் காய்ந்த துணியால் துடைத்து, பேட்டரியை வெளியே எடுத்து, மிஷினின் பேட்டரிக் கதவைத் திறந்தபடியே, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட இறுக்கமான டப்பாவில் வைத்து மூடுங்கள். பேட்டரி அதற்குள் வேண்டாம், சீக்கிரம் காய்ந்துபோகும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அரிசிக்குள் புதைக்கவே வேண்டாம். அந்தத் தூசி மைக் துளையை அடைத்துவிடும்.

புது ஜிங்க்-ஏர் பேட்டரி என்றால் ஸ்டிக்கரை உரித்து, ஒன்றிரண்டு நிமிடம் காற்றாட வைத்துவிட்டுப் போடுங்கள். பென்சில் டப்பாவில் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும்.

அப்புறம், டீச்சரிடமும் சொல்லிவையுங்கள்: இரைகிற ஃபேனுக்குக் கீழே வேண்டாம், முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினால் பிள்ளைக்கு உதடு தெரியாது, பாதிப் பாடம் போய்விடும்.