டிராவுக்கு ஆடித் தோற்பது: இந்தியக் கால்பந்து அணியிடம் பார்த்துத் தவிர்க்க வேண்டியவை

2024-ம் ஆண்டு இந்திய ஆண்கள் கால்பந்து அணி 11 ஆட்டங்கள் ஆடியது. ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஆறு தோல்வி, ஐந்து டிரா. அடித்த கோல் வெறும் நான்கு. அதற்கு முந்தைய வருடம்தான் ஃபிஃபா தரவரிசையில் 99-ம் இடம் வரை ஏறியிருந்தார்கள். திறமை ஒரே வருடத்தில் காணாமல் போய்விடாது. என் பார்வையில் காணாமல் போனது துணிச்சல். ஊர் டீமுக்கோ கல்லூரி டீமுக்கோ கோச்சாக இருப்பவர்கள் இந்த அணியின் கடைசி சில வருடங்களை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. நாம் செய்கிற தவறுகள் எல்லாமே அங்கே பெரிய எழுத்தில் இருக்கின்றன.

‘டிரா ஆனாலும் நஷ்டமில்லை’

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். 2026 உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் இந்தியா இருந்த பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான், இந்தியா. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. முதல் இரண்டு அணிகளுக்கு அடுத்த சுற்று. முடிவில் குவைத்துக்கு 7 புள்ளி, நமக்கு 5. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், கேப்டன் சுனில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டத்தில், அதே குவைத்துடன் 0-0. அன்று நாம் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் நமக்கு 7, அவர்களுக்கு 6. அடுத்த சுற்றுக்கு நாம் போயிருப்போம். சேத்ரி கண்ணீரோடு மைதானத்தைச் சுற்றி வந்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்குதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்து வந்த ஆசியக் கோப்பை தகுதிச் சுற்று இன்னும் கறாரானது. நான்கு அணிகளில் முதலிடம் பிடிக்கும் ஒன்றுக்கு மட்டும்தான் வாய்ப்பு. அந்த மாதிரிப் பிரிவில் மூன்று டிரா என்பதும், ஒரு வெற்றி இரண்டு தோல்வி என்பதும் புள்ளிக் கணக்கில் ஒன்றுதான். இந்தியாவோ 2025 மார்ச்சில் ஷில்லாங்கில், சொந்த மண்ணில், பங்களாதேஷுடன் 0-0 என்று ஆரம்பித்தது. ஜூனில் ஹாங்காங் போய், 90 நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நேரத்தில் ஒரு பெனால்டி கொடுத்து 0-1. கோல்கீப்பரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் 90 நிமிடமும் கோலே அடிக்காமல் வந்தால், கடைசியில் ஒருவர் தடுக்கி விழுவதுதான் முடிவைத் தீர்மானிக்கும். இரண்டு கோல் முன்னால் இருக்கும் அணிக்கு அதே தவறு ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான்.

தொடரின் விதியைப் படித்துவிட்டு ஆட்டத்திட்டம் போடுங்கள். டிராவுக்கு என்ன மதிப்பு என்பது அங்கேதான் இருக்கிறது.

எந்த எதிரணி வந்தாலும் ஒரே பயம்

பின்னால் குவிந்து நின்று ஆடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2019 செப்டம்பரில் தோஹாவில், அப்போதைய ஆசிய சாம்பியன் கத்தாரை, அதுவும் சேத்ரி இல்லாமல், 0-0 என்று நிறுத்தினார்கள். கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து அன்று கோல்முன் சுவராக நின்றார். அருமையான ஆட்டம். அடுத்த மாதமே கொல்கத்தாவில் பங்களாதேஷ் வந்தது. 42-வது நிமிடத்தில் கோல் வாங்கி, 88-வது நிமிடத்தில் ஆதில் கான் தலையால் முட்டி மானத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கத்தாரிடம் பந்து இருக்கும். நாம் காத்திருந்து தடுக்கலாம். பங்களாதேஷ் பந்தை நம்மிடமே கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். அப்போது என்ன செய்வது என்பதற்குப் பதில் இருக்க வேண்டும்.

பதில் இல்லாத அணியைக் கண்டுபிடிப்பது சுலபம். பந்து ஒரு சென்டர் பேக்கிடமிருந்து (நடுவில் நின்று தடுப்பவர்) இன்னொரு சென்டர் பேக்குக்குப் போகும், அங்கிருந்து கோல்கீப்பருக்கு. ஃபுல்பேக்குகள் (ஓரத்தில் நின்று தடுப்பவர்கள்) பாதிக்கோட்டைத் தாண்டத் தயங்குவார்கள். நடுக்களத்தில் இரண்டு பேர் டிஃபென்ஸுக்கு முன்னால் காவல் நிற்பார்கள். கடைசியில் ஒரு நீளமான உதை. முன்னால் தனியாக நிற்கும் ஸ்ட்ரைக்கர் எப்படியோ எகிறிப் பந்தை ஹெட் செய்வார். அது கீழே விழும் இடத்தில் நம் ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். ‘ஸ்ட்ரைக்கர் சரியில்லை’ என்று மறுநாள் டீக்கடையில் பேசுவோம். அவரைச் சுற்றிப் பதினைந்து மீட்டருக்கு ஆளே இல்லாததைப் பற்றிப் பேச மாட்டோம்.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். ஓரத்தில் ஓடும் விங்கர், கோல்முன் பக்கம் பந்தைத் தூக்கி கிராஸ் அடிக்கும் அந்த நொடியில் பெனால்டி பாக்ஸுக்குள் நம் ஜெர்ஸி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ இருந்தால், அந்த கிராஸை எவ்வளவு அழகாக அடித்தாலும் பிரயோசனமில்லை.

ஒரு கோல் அடித்ததும் பின்வாங்குவது

2024 மார்ச், குவாஹாத்தி: ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 38-வது நிமிடத்தில் சேத்ரியின் பெனால்டி. 70-லும் 88-லும் கோல் வாங்கித் தோல்வி. அதே ஆண்டு ஜூன், தோஹா: கத்தாருக்கு எதிராக நம் விங்கர் சாங்தே 37-வது நிமிடத்தில் அடித்தார். 73-லும் 85-லும் கோல் வாங்கித் தோல்வி. (அந்த 73-வது நிமிட கோலுக்கு முன் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போயிருந்தது, அதில் நமக்கு நடந்தது அநியாயம்தான்.) 2025 அக்டோபர், மட்காவ்: சிங்கப்பூருக்கு எதிராக 14-வது நிமிடத்திலேயே சாங்தே தூரத்திலிருந்து ஓர் அற்புதமான கோல். இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என வாங்கி 1-2. அத்தோடு ஆசியக் கோப்பை வாய்ப்பும் முடிந்தது.

மூன்றிலும் முதல் கோல் நம்முடையது. 1-0 என்ற நிலையில் அணி பத்து மீட்டர் பின்னால் இறங்கினால், எதிரணிக்கு அந்தப் பத்து மீட்டரை இலவசமாகக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். பயிற்சியில் இதைத் தனியாக ஆடிப் பழகலாம்: 1-0 முன்னிலை, 20 நிமிடம் பாக்கி, இரண்டாவது கோலைத் தேடி ஆட வேண்டும்.

பெயரைப் பார்த்து ஆளை எடுப்பது

ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்ப அழைத்தார்கள். மாலத்தீவுக்கு எதிராக கோலும் அடித்தார்; 3-0, பதினாறு மாதங்களுக்குப் பிறகு ஒரு வெற்றி. அந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான். ஆகவே அழைத்ததைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அடுத்தவர் யார் என்ற கேள்வியைப் பல வருடமாகத் தள்ளிப்போட்டதுதான் குறை. கிளப்புகள் ஸ்ட்ரைக்கர் இடத்தை வெளிநாட்டு வீரர்களுக்கே கொடுத்துவிடுகின்றன. மோகன் பகானில் வலது விங்கில் ஓடும் மன்வீர் சிங் இந்திய அணிக்கு வந்தால் பலமுறை நடுவில் நிற்க வேண்டியிருந்தது. கிளப்பில் வாரா வாரம் செய்யாத வேலையை, தேசிய அணியில் நான்கு நாள் பயிற்சியில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

ஊர் டீமிலும் இதே கதைதான். சீனியர் அண்ணனை பெஞ்சில் உட்காரவைக்கக் கூச்சப்பட்டு, புதுப் பையனைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு இறக்குவோம். அதுவும் தோற்றுக்கொண்டிருக்கும்போது. அவன் சொதப்பினால் ‘பார்த்தீர்களா’ என்போம். சுலபமான எதிரணி வரும் நாளில் அவனை முதல் நிமிடத்திலிருந்தே ஆடவிடுங்கள். ஐந்து ஆட்டமாவது தொடர்ந்து கொடுங்கள், அப்புறம் தீர்ப்பு சொல்லலாம்.

2025 நவம்பரில் டாக்காவில் இந்தியாவுக்கு இழக்க எதுவுமே இல்லை, ஏற்கெனவே வெளியேறியாகிவிட்டது. 11-வது நிமிடத்தில் பங்களாதேஷ் ஒரு கோல் அடித்தது. பதிலடிக்கு எண்பது நிமிடம் கையில் இருந்தது. ஆட்டம் 0-1 என்றே முடிந்தது.