ஆற்றங்கரை ஊரைப் பென்சிலில் வரைதல்

ஆற்றங்கரை ஊர் ஒன்றை வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் கண்ணைக் கவரும் ஒரு கூரையிலிருந்தோ கோபுரத்திலிருந்தோ தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கிய படத்தில் வீடுகள் அழகாக அமைந்துவிட்டாலும், ஆறு அவற்றின் காலடியில் பிறகு ஒட்டவைத்தது போலவே கிடக்கும். ஆகவே முதலில் நீர் கரையைத் தொடும் கோட்டை வரையுங்கள். நீர்ப்பரப்பு சமமட்டமானது என்பதால், படத்தில் நம்பி அளக்கத்தக்க அடித்தளம் அது ஒன்றே.

அதற்கும் முன்பு கண்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பென்சிலைக் கண்ணுக்கு நேராகக் கிடைமட்டமாகப் பிடித்தால், எதிர்க்கரையில் அது எந்தச் சன்னலை, எந்த மரத்தை வெட்டுகிறதோ அதுவே உங்கள் கண்மட்டம். நம்மைவிட்டு விலகிச் செல்லும் கரைக்கோடு அதை நோக்கி ஏறும். அதே திசையில் செல்லும் கூரை விளிம்புகள், கண்மட்டத்துக்கு மேலே இருந்தால், அதை நோக்கி இறங்கும். தொலைவில் ஆறு வளையும் இடத்தை அகலமாக வரைந்துவிடுவதே நான் அடிக்கடி காணும் பிழை. அப்போது ஆறு மலைச்சரிவில் ஏறுவது போலத் தோன்றும். கை நீட்டிப் பென்சிலால் அளந்து பார்த்தால், அந்த வளைவு நாம் நினைத்ததைவிட மிக மெல்லிய பட்டையாகவே இருக்கும்.

வெளிக்கோடுகளுக்கு எச்பி, நடுத்தர நிழலுக்கு 2பி, ஆழ்ந்த கருமைக்கு 6பி என மூன்று பென்சில்கள் போதும். பிரான்சைச் சேர்ந்த கோன்டே 1795இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, கிராஃபைட்டுடன் களிமண்ணைக் கலந்து சுட்டே பென்சில் முனை செய்யப்படுகிறது; களிமண் கூடினால் முனை கடினமாகி, கோடு வெளிறும். எனவே எச்பியை அழுத்தித் தேய்த்துக் கருமை வரவழைக்க முயன்றால் தாளில் பள்ளம்தான் விழும்.

இனி, முழுப் பொறுமையும் தேவைப்படும் பகுதியான பிரதிபலிப்புக்கு வருவோம். அது படத்தைத் தலைகீழாக நகலெடுப்பது அன்று. நீரின் விளிம்பிலேயே நிற்கும் சுவர் தன் முழு உயரத்துக்கு நேர்கீழே தெரியும். உயர்ந்த கரையில் சற்றுப் பின்தள்ளி நிற்கும் வீட்டுக்கோ, கரையின் பிம்பம் அதன் கீழ்ப்பகுதியை மறைத்துவிடுவதால், மேல்மாடியும் கூரையும் மட்டுமே நீரில் தெரியக்கூடும். வலப்புறம் சாய்ந்த படகுக் கம்பத்தின் பிம்பமும் வலப்புறமே சாயும். இதை இடப்புறமாக வரைந்துவிடுபவர்கள் பலர். பொதுவாக, வெளிர்நிறச் சுவரின் பிம்பம் சுவரைவிடச் சற்று மங்கியும், கரிய மரத்தின் பிம்பம் மரத்தைவிடச் சற்று வெளிறியும் இருக்கும். பிம்பங்களைச் செங்குத்தான மென்கோடுகளால் நிரப்பிய பின், சிற்றலைகளுக்காகச் சில கிடைக்கோடுகளை அவற்றின் குறுக்கே இழுங்கள். அருகில் இடைவெளி விட்டும், தொலைவில் நெருக்கியும் அவை அமையட்டும்.

ஊரைப் பொறுத்தவரை சிக்கனமே நல்லது. 1819இல் முதன்முறையாக வெனிஸ் சென்ற ஆங்கில ஓவியர் டர்னர், அங்கே தங்கிய சில நாள்களில் நீரோரக் கட்டடங்களைப் பெரும்பாலும் பென்சில் கோடுகளாலேயே குறிப்பேடுகளில் பதிவுசெய்தார். ஒரு வீட்டின் சன்னல்களைத் தெளிவாக வரைந்தால், அடுத்தடுத்த வீடுகளுக்குச் சிறு கீற்றுகளே போதும். மற்றவற்றைப் பார்ப்பவர் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

கடைசியில், கண்களைச் சுருக்கிக் காட்சியைப் பாருங்கள். அப்போதும் கருமையாகவே நிற்கும் இடங்களில், அதாவது பாலத்தின் அடிவளைவிலும் படகு நீரைத் தொடும் விளிம்பிலும் மட்டும், 6பியைப் பயன்படுத்துங்கள். நீரில் வெயில் நேராக விழுந்து மின்னும் பட்டையைத் தொடாமல் வெறும் தாளாகவே விட்டுவிடுங்கள். தவறிக் கை பட்டு மங்கியிருந்தால், பிசையும் ரப்பரைக் கூராக்கி, கிடைவாக்கில் ஒரே இழுப்பில் அதைத் துடைத்தெடுங்கள்.