இறங்கிய பிறகும் ஓட வேண்டும்: முதல் நெடுந்தூர டிரையத்லானுக்கான சைக்கிள் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுந்தூர டிரையத்லான் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நாளில் முடிக்க வேண்டிய போட்டியாகும். 1978ஆம் ஆண்டு ஹவாயில் நடந்த முதல் போட்டியில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். மூன்றில் அதிக நேரத்தை எடுத்துக்கொள்வது சைக்கிள்தான். முதன்முறை பங்கேற்பவருக்கு அது ஆறு மணி முதல் எட்டு மணி நேரம் வரை நீளக்கூடும். ஆகவே பயிற்சியின் பெரும்பங்கும் அதற்கே செல்கிறது, தவறுகளும் அங்கேதான் அதிகம் நேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே மறதியிலிருந்து பிறக்கின்றன என்பது என் எண்ணம்: சைக்கிளை விட்டு இறங்கியதும் ஒரு முழு மாரத்தான் ஓட வேண்டியிருக்கிறது என்பதை, சைக்கிளின் மேல் இருக்கும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

வேகத்தைப் பற்றிய தவறான கணக்கிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் மிக அதிக விலை கேட்பது அதுதான். சமதரையில் ஓட்டும்போது நம் உழைப்பின் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதில் செலவாகிறது. காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) உயர்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 32 கிலோமீட்டருக்கு உயர்த்த விரும்பினால், வேகத்தில் கூடுவது ஏழு சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் காற்றை வெல்லும் உழைப்பில் கூடுவது ஏறத்தாழ 21 சதவீதம். இதனால் 180 கிலோமீட்டரில் அவருக்கு மிச்சமாவது 22 நிமிடம் 30 விநாடி. அந்தக் கூடுதல் உழைப்பால் கால்கள் தளர்ந்து, கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டியவர் எட்டரை நிமிடம் எடுத்துக்கொண்டால், மாரத்தானில் அவர் இழப்பது 84 நிமிடம். சைக்கிளில் நன்றாக ஓட்டினோமா என்பதை ஓட்டத்தின் கடைசிப் பத்து கிலோமீட்டரில்தான் அறிய முடியும்.

எனவே போட்டி நாளுக்கான உழைப்பின் அளவைப் பயிற்சியின்போதே கண்டறிந்து, அதே அளவில் நீண்ட நேரம் ஓட்டிப் பழக வேண்டும். மிதிக்கும் ஆற்றலை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள், சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச ஆற்றலில் 65 முதல் 75 சதவீதத்துக்குள் நிற்பது வழக்கம். முதல் போட்டிக்கு அதன் கீழ் எல்லையே பாதுகாப்பானது. அந்த அதிகபட்சம் 200 வாட் என்றால், இலக்கு 130 முதல் 140 வாட் வரை. கருவி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முழு வாக்கியங்களில் தடையின்றிப் பேச முடிகிற அளவே சரியான அளவு. பேச்சு துண்டுதுண்டாக வந்தால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். நீச்சலிலிருந்து வெளியேறிய உடனே இதயத் துடிப்பு உயர்ந்தே இருக்கும், சுற்றிலும் பலர் முந்திச் செல்வார்கள், கால்களும் புத்துணர்வோடு இருப்பதாகத் தோன்றும். அந்த முதல் அரை மணி நேரத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டும் கட்டுப்பாட்டையும் பயிற்சியில்தான் ஈட்ட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, பயிற்சியில் ஒவ்வொரு முறையும் ஓரளவு கடுமையாக ஓட்டுவது அடுத்த தவறு. வாரத்தில் நான்கு நாள் ஓட்டுபவர் நான்கு நாளும் மூச்சிரைக்கத் திரும்பினால், உழைத்த நிறைவு கிடைக்குமே தவிர, நீண்ட நேரத் தாங்குதிறன் வளராது. உண்மையாகவே கடுமையாக ஓட்ட வேண்டிய நாளில் அதற்கான தெம்பும் இருக்காது. பெரும்பாலான மணி நேரங்கள் எளிதாகவே கழிய வேண்டும். குழுவாக ஓட்டுவதிலும் இதே சிக்கல் உண்டு. முன்னால் செல்பவரின் பின்னால் ஒட்டி ஓட்டும்போது காற்றின் தடை கணிசமாகக் குறைகிறது, ஆனால் நெடுந்தூர டிரையத்லானில் அவ்வாறு ஒட்டி ஓட்டுவது விதிமீறல். குழுவோடு ஓட்டிய 150 கிலோமீட்டரை நம்பித் தயாராகிவிட்டதாக எண்ணுபவர், தனியாக எதிர்காற்றில் 120 கிலோமீட்டரிலேயே திணறக்கூடும். நீண்ட தூரப் பயணங்களில் பாதியையாவது தனியாக, இடையில் நிறுத்தி இளைப்பாறாமல் ஓட்டுவதே நேர்மையான பயிற்சி.

உணவு விஷயத்தில் நடக்கும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல உடல்திறன் உள்ளவர்கள்கூடப் போட்டியை இழப்பது இங்கேதான். தசைகளிலும் கல்லீரலிலும் நாம் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2000 கலோரி அளவுக்கே ஈடு. நாள் முழுதும் நீளும் போட்டிக்கு அது போதாது. ஆகவே மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உட்கொள்ள வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் உறிஞ்சும் எல்லை ஏறத்தாழ அவ்வளவுதான். அதோடு ஃபிரக்டோஸும் சேர்ந்தால், இரண்டும் வெவ்வேறு வழிகளில் உறிஞ்சப்படுவதால், 90 கிராம் வரை செல்லலாம். ஆனால் குடலும் கால்களைப் போலவே பழக்கினால்தான் பழகும். பயிற்சியில் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு, போட்டி நாளில் திடீரென்று மணிக்கு மூன்று ஜெல் (மாவுச்சத்து நிறைந்த கூழ் பாக்கெட்) விழுங்குபவரின் வயிறு ஓட்டத்தின்போது கட்டாயம் எதிர்ப்புத் தெரிவிக்கும். பசி வரும்வரை காத்திருக்காமல், முதல் அரை மணி நேரத்திலிருந்தே சிறிது சிறிதாக உண்பது நல்லது. சைக்கிளில் உணவு செரிப்பது ஓடும்போது செரிப்பதைவிட எளிது என்பதால், மாரத்தானுக்கான சேமிப்பையும் இங்கேயே செய்துகொள்ள வேண்டும்.

தண்ணீரிலும் இரு பக்கத் தவறுகள் உள்ளன. குறைவாகக் குடிப்பது தெரிந்த ஆபத்து. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை இழப்பைக் காட்டும். இடையில் குடித்த அளவையும் கூட்டிக்கொண்டால், நம் உடலுக்கு எவ்வளவு தேவை என்பது தெளிவாகும்.

சைக்கிளின் பொருத்தத்தைச் சரிபார்க்காமல் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கமும், மிக உயரமாக இருந்தால் பின்பக்கமும் வலிக்கும். இடுப்பு இருபுறமும் ஆடுவதும் உயரம் மிகுந்ததன் அறிகுறியே. முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டும் நிலை காற்றுத் தடையைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் கழுத்தும் கீழ்முதுகும் அதை ஒரே வாரத்தில் ஏற்றுக்கொள்ளாது. பத்து நிமிடத்தில் தொடங்கி மாதக்கணக்கில் நீட்ட வேண்டும். சில மணி நேரத்துக்குமேல் நிலைக்க முடியாத குனிவைவிட, ஆறு மணி நேரம் நிலைக்கும் சற்று நிமிர்ந்த நிலை முதல் போட்டிக்கு மேலானது.

நீண்ட சைக்கிள் பயிற்சி முடிந்தவுடன் 15 முதல் 20 நிமிடம் ஓடிப் பார்க்காமல் இருப்பதும், அதற்கு மாறாக ஒவ்வொரு வாரமும் இரண்டு மணி நேரம் ஓடுவதும் ஒருசேரத் தவறானவை. கால்கள் மிதிப்பிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் கனத்த உணர்வைப் பழக்கிக்கொள்ளக் குறுகிய ஓட்டமே போதும்; அதற்குமேல் ஓடுவது காயத்தைத்தான் வரவழைக்கும். பங்க்சர் பார்க்கக் கற்காமல் போட்டிக்குச் செல்லவே கூடாது. வெளியாரின் உதவியைப் பெற விதிகள் இடம் தருவதில்லை. செயினோடு பிணைந்த பின்சக்கரத்தைக் கழற்றி, டியூப்பை மாற்றி, மீண்டும் பொருத்துவதை வீட்டிலேயே நாலைந்து முறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

ஓய்வைப் பற்றிய தவறு பெரும்பாலும் அச்சத்தால் வருவது. மூன்று வாரம் உழைப்பைக் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும், ஏனெனில் உடல் வலுப்பெறுவது அந்த இடைவெளியில்தான். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இந்த அச்சம் உச்சமடைந்து, இன்னும் ஒருமுறை 150 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாமா என்று மனம் நச்சரிக்கும். அந்தப் பயணத்தால் போட்டிக்குள் புதிய வலிமை எதுவும் சேராது. களைப்பு மட்டும் கூடவே வரும். அந்த நாட்களில் ஒரு மணி நேரம் எளிதாக ஓட்டி, நடுவில் சில நிமிடங்கள் மட்டும் போட்டி வேகத்தைத் தொட்டுவிட்டு, மீதி நேரத்தைத் தூக்கத்துக்கு ஒதுக்குங்கள்.